கொள்ளுப்பாட்டியின் 160 ஏக்கர்

கேள்வி: ‘அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆளுக்கு 160 ஏக்கர் நிலத்தை அரசாங்கமே சும்மா கொடுத்ததாமே? பெண்களும் அதை வாங்கித் தனியாகவே விவசாயம் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இது எவ்வளவு தூரம் உண்மை? மோட்டார், டிராக்டர் இல்லாத காலத்தில் அவ்வளவு நிலத்தை ஒரு பெண் எப்படிச் சமாளித்தார்?’
- தாராபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

நிலம் கொடுத்தது உண்மை. பெண்கள் வாங்கியதும் உண்மை. ‘சும்மா’ என்பது மட்டும் பாதி உண்மை.

1862-ம் ஆண்டு மே 20 அன்று, அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் ‘ஹோம்ஸ்டெட்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். 1863 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மனு கொடுப்பவர் 21 வயது நிறைந்தவராகவோ, ஒரு குடும்பத்தின் தலைவராகவோ இருக்க வேண்டும். குடியுரிமை உள்ளவராகவோ, குடியுரிமை பெறப்போவதாக எழுதிக் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கியிருக்கக் கூடாது. மனு முதல் பட்டா வரை கட்ட வேண்டிய கட்டணம் மொத்தமே 18 டாலர்.

ஆனால், ஐந்து ஆண்டுகள் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். உழுது பயிர் வைக்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்ததும் சாட்சிகளோடு போய் அதை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டா. மனு கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் அந்த ஐந்தாண்டைத் தாண்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனார்கள். தாக்குப்பிடித்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அவர்கள் கைக்குப் போன நிலம் சுமார் 27 கோடி ஏக்கர். அமெரிக்காவின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இந்தச் சட்டத்தில் ஆணுக்குத்தான் நிலம் என்ற நிபந்தனை இல்லை. திருமணம் ஆகாத பெண், கணவரை இழந்தவர், மணவிலக்கு பெற்றவர், கணவரால் கைவிடப்பட்டவர் ஆகியோர் தங்கள் பெயரிலேயே மனு கொடுக்கலாம். கணவரோடு வாழும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. குடும்பத் தலைவர் என்றால் கணவர்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். வட டகோட்டா மாநிலத்தின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், நிலம் எடுத்தவர்களில் சுமார் பத்தில் ஒருவர் பெண் என்று கணக்குச் சொல்கிறார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் இது கூடும், குறையும்.

டகோட்டா, நெப்ராஸ்கா, கன்சாஸ் பக்கத்து விவசாயக் குடும்பங்களில், நிலத்துக்கு முதலில் வந்த கொள்ளுப்பாட்டியைப் பற்றிய பேச்சு இன்றும் உண்டு. அந்தக் கொள்ளுப்பாட்டிகள் இரண்டு வகை. ஒருவர், தன் பெயரிலேயே நிலம் எடுத்தவர். மற்றவர், கணவர் பெயரில் இருந்த நிலத்தில் அதே அளவு பாடுபட்டவர். பட்டாவில் இவர் பெயர் இருக்காது.

அரை மைலுக்கு அரை மைல்

நிலத்தை அளந்தது ஒரே மாதிரியான கட்டம் போட்டு. ஆறு மைல் சதுரம் ஒரு ‘டவுன்ஷிப்’. அதில் ஒரு மைல் சதுரமாக 36 பிரிவுகள். ஒரு பிரிவு 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் 160 ஏக்கர். அதாவது, அரை மைல் நீளம், அரை மைல் அகலம். மேடு, பள்ளம், ஓடை எதையும் பார்க்காமல் காகிதத்தில் போட்ட கோடு அது. ஒருவருக்குத் தண்ணீர் உள்ள கட்டம் கிடைக்கும். பக்கத்துக் கட்டத்துக்காரர் பீப்பாயில் தண்ணீர் இழுக்க வேண்டும்.

அங்கே காடு இல்லை. ‘பிரெய்ரி’ எனப்படும் புல்வெளி மட்டும்தான். அதில் வளரும் உயரமான புல்லின் வேர் எட்டு அடிக்கும் கீழே இறங்கும். அந்தப் புல்வெளியின் உயிர்ப்பொருளில் பெரும்பங்கு மண்ணுக்கு மேலே இல்லை, கீழேதான் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக வேர் மக்கி மக்கிச் சேர்ந்த கறுப்பு மண் அது. பழைய இரும்புக் கலப்பையில் அந்த மண் அப்பிக்கொள்ளும். 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் செய்த வழவழப்பான எஃகுக் கலப்பை வந்த பிறகுதான் உழவு ஓரளவு எளிதானது. அப்படியும், முதல் உழவுக்கு நான்கைந்து மாடுகள் தேவைப்படும் இடங்கள் உண்டு.

முதல் ஆண்டிலேயே 160 ஏக்கரையும் உழுதுவிட முடியாது. சில ஏக்கர்தான் உடைப்பார்கள். புரட்டிப்போட்ட புற்கட்டியில் கோடரியால் வெட்டி, அந்தப் பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டுக் காலால் மிதித்துவிடுவது ஒரு முறை. டகோட்டா பக்கம் புதிதாக உடைத்த மண்ணில் முதல் பயிராக ஆளி விதை போட்டார்கள். வேர்க்கட்டிகள் மக்கிய பிறகு, அடுத்தடுத்த ஆண்டுகளில் கோதுமை. ஆக, வாசகியின் கேள்விக்கு முதல் பதில் இது. 160 ஏக்கரை யாரும் ஒரே மூச்சில் சமாளிக்கவில்லை. ஆண்டுக்குச் சில ஏக்கராகத்தான் நிலம் விரிந்தது. மீதியெல்லாம் மேய்ச்சலும் வைக்கோல் புல்லும்தான்.

மண்ணை வெட்டி வீடு

மரம் இல்லாத ஊரில் வீடு கட்டுவது எப்படி? உழவில் புரண்ட புல்லையே வெட்டினார்கள். ஓர் அடி அகலம், இரண்டு மூன்று அடி நீளம், நான்கு அங்குல கனம் என்று புல்லும் வேரும் பின்னிய பாளங்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். 16 அடிக்கு 20 அடி வீட்டுக்குச் சுமார் 3,000 பாளங்கள் வேண்டும். புல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, செங்கல் போல மாற்றி மாற்றி அடுக்குவார்கள். சுவர் இரண்டு, மூன்று அடி கனம். ‘நெப்ராஸ்கா சலவைக்கல்’ என்று அதற்குக் கேலிப்பெயர்.

வெயில் காலத்தில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. மண் வீட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொல்லை கூரையில்தான். கூரையும் அதே மண் பாளம். வெளியே ஒரு நாள் மழை பெய்தால், உள்ளே அது நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும் சில நேரம் பாம்பும் மேலிருந்து விழும். அதற்காகப் பெண்கள் கூரைக்கு அடியில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்கு மேல் குடை பிடித்துச் சமைத்த கதைகள் பல குடும்பங்களில் உண்டு.

விறகும் இல்லை. காட்டெருமைகள் போட்டுக் காய்ந்து கிடந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்த பிறகு மாட்டுச் சாணம். வறட்டியில் சமைப்பது நம்மூரில் புதிதல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்களுக்கு அதைக் கையால் தொடுவதே முதலில் கூச்சமாக இருந்தது. சாணமும் கிடைக்காத இடத்தில் வைக்கோலை முறுக்கி முறுக்கிக் கட்டை போலச் செய்து எரித்தார்கள். முறுக்கிய வைக்கோல் சில நிமிடங்களில் எரிந்துவிடும். பனிக்காலம் முழுவதும் வீட்டில் ஒருவருக்கு வைக்கோல் முறுக்குவதே வேலை.

ரேச்சல் எழுதி வைத்த நோட்டு

இந்த வாழ்க்கையை உள்ளே இருந்து எழுதி வைத்த பெண்களில் ஒருவர் ரேச்சல் காலோஃப். 1876-ல், அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு வயதில் தாயை இழந்தவர். 18 வயதில், அமெரிக்கா போயிருந்த ஆபிரகாம் காலோஃப் என்பவருக்குப் பெண் பேசினார்கள். புகைப்படம் பார்த்துச் செய்த சம்பந்தம். 1894-ல் கப்பல் ஏறி நியூயார்க் போய், அங்கிருந்து வட டகோட்டாவின் டெவில்ஸ் லேக் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த வீடு 12 அடிக்கு 14 அடி. தரை, வெறும் மண். பனிக்காலத்தில் தனித்தனி வீட்டில் தனித்தனி அடுப்பு எரிக்க எரிபொருள் போதாது. அதனால் மாமனார், மாமியார் உட்பட உறவினர்களும் அதே ஒற்றை அறைக்குள் வந்துவிட்டார்கள். கோழிகளும் கன்றும்கூட உள்ளேதான். வெளியே விட்டால் குளிரில் விறைத்துச் செத்துவிடும். புதுப்பெண்ணுக்கு ஒதுங்க ஒரு திரைச்சீலைகூட இல்லாத வாழ்க்கை.

ரேச்சல் அதிலும் வழி கண்டுபிடித்தார். விளக்கு இல்லை என்றதும், ஈர மண்ணைக் கிண்ணம் போலப் பிடித்துக் காயவைத்து, பழந்துணியைத் திரியாக்கி, வெண்ணெயை ஊற்றி ஏற்றினார். நம்மூர் அகல் விளக்கேதான். சாப்பாட்டுக்கு மாவைத் தவிர அதிகம் இல்லாத நாளில், புல்வெளியில் காட்டுப் பூண்டும் காளானும் தேடி எடுத்துச் சமைத்தார். ஒரு முறை, விளைந்து நின்ற கோதுமையை ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. மறு ஆண்டு மீண்டும் விதைத்தார்கள். ஒன்பது குழந்தைகளைப் பெற்று வளர்த்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் இருந்துவிட்டு, 1917-ல் குடும்பம் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

1936-ல், அறுபது வயதில், தன் தாய்மொழியான இத்திஷ் மொழியில் ரேச்சல் இதையெல்லாம் எழுதினார். 1952-ல் காலமானார். பிள்ளைகள் முயற்சியில் ஆங்கிலத்துக்குப் போய், 1995-ல்தான் அது முழுப் புத்தகமாக வந்தது. அதில் வீரப் பிரதாபம் இல்லை. மாமியாரோடு சண்டை, பிரசவ வலி, பசி, அழுக்கு, கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘எங்கள் முன்னோர் சிரித்த முகத்தோடு நாட்டை உருவாக்கினார்கள்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த கொள்ளுப்பேரன், பேத்திகளுக்கு அது வேறொரு பாட்டியைக் காட்டியது.

வெண்ணெய்க் காசு

கோதுமைப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை. அதுவும் விளைந்தால். அந்தப் பணம் விதைக்கடன், கலப்பைக் கடன், ரயில் வாடகை என்று போய்விடும். மீதி நாள்களில் வீட்டை ஓட்டியது வெண்ணெயும் முட்டையும்தான். பால் கறப்பது, பாலாடை எடுப்பது, கடைவது, உப்புப் போட்டு மரப்பெட்டியில் அடைப்பது எல்லாம் பெண்கள் வேலை. அதை ஊர்க்கடையில் கொடுத்துச் சர்க்கரை, காபி, துணி, மண்ணெண்ணெய் வாங்கினார்கள். காசாகக் கைமாறாமல் பண்டமாற்றாகவே நடந்ததால், பண்ணைக் கணக்கில் இது பெரும்பாலும் ஏறவில்லை. கோதுமை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் காப்பாற்றியது இந்தக் கணக்கில் வராத வருமானம்தான்.

வீட்டுத் தோட்டமும் அப்படியே. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப், பூசணி. நிலத்தடியில் குழி வெட்டி, கிழங்கைப் பனி தாக்காமல் சேமித்தார்கள். விதையும் பெண்கள் கையில்தான் இருந்தது. 1874-ல் தென் ரஷ்யாவிலிருந்து கன்சாஸுக்கு வந்த மென்னனைட் சமயக் குடும்பங்கள், ‘டர்க்கி ரெட்’ என்ற கோதுமையைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்தன. இலையுதிர் காலத்தில் விதைத்து, கோடையின் கடும் வெயிலுக்கு முன்பே அறுத்துவிடலாம். கன்சாஸ் பின்னாளில் கோதுமை மாநிலமாக ஆனதற்கு அந்தப் பெட்டி விதை ஒரு முக்கியக் காரணம்.

வெட்டுக்கிளியும் வெண்பனியும்

அதே 1874-ல்தான் வெட்டுக்கிளி வந்தது. டகோட்டாவிலிருந்து கன்சாஸ், டெக்சாஸ் வரை மேகம்போல இறங்கியது. மக்காச்சோளத்தைத் தட்டை வரை தின்றது. வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்றது. பயிரைக் காக்கப் பெண்கள் மேலே விரித்த போர்வையையும் தின்றது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அந்த வெட்டுக்கிளி இனமே பூமியில் இல்லாமல் போனது. கடைசியாக உயிரோடு பார்த்தது 1902-ல். மலையோர ஆற்றுப்படுகைகளில் அது முட்டையிடும் இடங்களை உழவும் மேய்ச்சலும் அழித்ததே காரணம் என்பது பூச்சியியலாளர்கள் தரும் விளக்கம்.

பனி இன்னொரு பக்கம். 1888 ஜனவரி 12 அன்று காலை, அந்தப் பருவத்துக்கு இல்லாத இதமான வெயில். பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திடீரென்று பனிப்புயல். கையை நீட்டினால் விரல் தெரியாத வெண்மை. நெப்ராஸ்கா, டகோட்டா பகுதிகளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையில் வழி தவறி இறந்தவர்களும் உண்டு. வீட்டிலிருந்து தொழுவத்துக்குக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே பால் கறக்கப் போகும் வழக்கத்துக்குக் காரணம் இத்தகைய புயல்கள்தான்.

எல்லைக்கோட்டின் மேல் வீடு

தனியாக நிலம் எடுத்த பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் வாசகியின் முக்கியக் கேள்வி. பெரும்பாலோர் முழுத் தனிமையில் இருக்கவில்லை. அக்கா, தங்கை, அண்ணன், தோழி என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக எடுத்தார்கள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீடாகக் கட்டி, அவரவர் கட்டிலை அவரவர் நிலத்தில் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். சட்டப்படி இருவருமே தங்கள் நிலத்தில்தான் தூங்குகிறார்கள்!

உழவுக்கு ஆள் அமர்த்தினார்கள். இல்லாவிட்டால் நிலத்தை வாரத்துக்கு விட்டார்கள். அந்தக் கூலிக்காக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், துணி தைத்தார்கள், நகரத்தில் வீட்டுவேலை செய்தார்கள். நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் சாலமன் பட்சர் என்பவர் 1886-ல் எடுத்த ஒரு புகைப்படம் புகழ்பெற்றது. மண் பாள வீட்டுக்கு முன்னால் கிரிஸ்மன் குடும்பத்துச் சகோதரிகள் நான்கு பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் குதிரைகள். பின்னால் வெறும் வானம்.

பட்டா கிடைத்த பிறகு எல்லாப் பெண்களும் அங்கேயே தங்கிவிடவில்லை. சிலர் விற்று, அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். சிலர் கடை வைத்தார்கள். சிலர் நிலத்தை வைத்துக்கொண்டே திருமணம் செய்தார்கள். தன் பெயரில் சொத்து இருந்ததால், யாரை, எப்போது மணப்பது என்று யோசிக்க அவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

திருமணம் நிலத்தைப் பறித்த கதையும் உண்டு. எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட், டென்வர் நகரில் துணி துவைத்துப் பிழைத்தவர். 1909-ல் சிறு மகளோடு வயோமிங் போய், ஒரு பண்ணைக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்து நிலத்துக்குத் தன் பெயரில் மனு கொடுத்தார். சில வாரங்களிலேயே அந்தப் பண்ணைக்காரரை மணந்தார். தன் அனுபவத்தை அவர் கடிதங்களாக எழுத, 1914-ல் அது புத்தகமாகி நாடு முழுக்கப் பரவியது. நகரத்தில் துணி துவைக்கும் ஏழைப் பெண்களெல்லாம் நிலம் எடுக்க வாருங்கள் என்பது அதன் சாரம். ஆனால், கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு மனுக்களை நடத்த முடியாது என்பது விதி. 1912-லேயே எலினோர் தன் மனுவைக் கைவிட்டு, அது மாமியார் பெயருக்குப் போயிருந்தது. இது அலுவலகப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் பிற்காலத்தில் கண்டுபிடித்தது.

அதற்கு முன்னால் அந்த நிலம் யாருடையது?

கொள்ளுப்பாட்டி வந்தபோது அது ‘வெற்று நிலம்’ என்று குடும்பக் கதைகள் சொல்லும். அப்படி இல்லை. டகோட்டா, லக்கோட்டா, ஹிடாட்சா, மாண்டன், பானி என்று பல பழங்குடி மக்களின் மண் அது. ஒப்பந்தம், போர், பசி, ஏமாற்று என்று பல வழிகளில் அவர்களை ஒதுக்கிய பிறகுதான் 160 ஏக்கர் கட்டங்கள் வரைய முடிந்தது.

அங்கே விவசாயமும் புதிதில்லை. வட டகோட்டாவின் மிசோரி ஆற்றங்கரையில் ஹிடாட்சா பெண்கள் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, சூரியகாந்தி பயிரிட்டார்கள். தோட்டம் பெண்களுக்கே உரியது. 1839 வாக்கில் பிறந்த ‘பஃபலோ பேர்ட் உமன்’ என்ற ஹிடாட்சா மூதாட்டி, அந்த முறைகளை எல்லாம் கில்பர்ட் வில்சன் என்ற ஆய்வாளரிடம் விளக்கமாகச் சொல்ல, 1917-ல் அது நூலாக வந்தது. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த களைக்கொட்டு, பூசணியை வில்லையாக அறுத்துக் காயவைப்பது, குடம் போல வெட்டிய நிலத்தடிக் குழியில் தானியம் சேமிப்பது, விதைக் கதிரைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. பயிரைக் காக்கப் பரண் கட்டி, பெண் பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து பாடியதும் இருக்கிறது. குழந்தைக்குப் பாடுவதுபோலப் பயிருக்குப் பாடுவார்களாம். தினைப்புனம் காத்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பரண் அந்நியமாகத் தெரியாது.

ரேச்சல் வாழ்ந்த டெவில்ஸ் லேக் பக்கத்திலேயே, டகோட்டா மக்களுக்கென்று ஒதுக்கிய ‘ஸ்பிரிட் லேக்’ நிலப்பகுதி இருந்தது. 1904-ல் அதிலும் குடியேறலாம் என்று அரசு திறந்துவிட்டது. நார்வே, ஸ்வீடன் நாட்டு ஏழைக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. சிலர் முதலில் டகோட்டா மக்களின் நிலத்தையே குத்தகைக்கு எடுத்து உழுதார்கள். 1929-க்குள், அந்த ஒதுக்கீட்டுப் பகுதியில் டகோட்டா மக்களைவிட வந்தவர்கள் கையில் அதிக நிலம் இருந்தது.

இதை ஆராய்ந்து எழுதிய சமூகவியலாளர் கேரன் ஹான்சனின் சொந்த மூதாதையரும் அப்படி அங்கே வந்த நார்வே நாட்டவர்தான். கொள்ளுப்பாட்டியின் துணிச்சலைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த நிலம் டகோட்டா மக்கள் கையிலிருந்து எப்படிக் கைமாறியது என்பதையும் பதிவேடு பதிவேடாகத் தேடினார். அது திருடிய நிலம்தான் என்று அவர் குடும்பத்து மூதாட்டியே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பசியோடு வந்த ஒரு விதவையும், நிலத்தைப் பறிகொடுத்த இன்னொரு பெண்ணும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தார்கள். இரண்டு பேருடைய கதையும் சேர்ந்ததுதான் அந்த நிலத்தின் கதை.

160 ஏக்கர் போதவில்லை

கிழக்கே நல்ல மழை பெய்யும் பகுதியில் 160 ஏக்கர் தாராளம். மேற்கே போகப் போக ஆண்டு மழை 500 மி.மீட்டருக்கும் கீழே போய்விடும். அங்கே அது போதாது. நில அளவையாளர் ஜான் வெஸ்லி பாவல் 1878-லேயே இதை எச்சரித்தார். வறண்ட மேற்கில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. ‘கலப்பை போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்’ என்று நிலம் விற்பவர்கள் விளம்பரம் செய்தார்கள். சில நல்ல மழை ஆண்டுகள் அதை உண்மைபோலக் காட்டின.

முதல் உலகப்போரில் கோதுமை விலை ஏறியது. உழக்கூடாத மேட்டையும் உழுதார்கள். 1930-களில் வறட்சி வந்தபோது, பிடித்து நிற்க வேர் இல்லாத மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை எழுந்த கறுப்புப் புழுதிச் சுவர், பகலை இரவாக்கியது. அதே மாதம் 27-ம் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழவு, காற்றுத்தடுப்பு மர வரிசை, பட்டைப் பயிர் ஆகியவற்றை அரசு ஊக்குவிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பாட்டி முதல் உழவில் உடைத்த அந்த உயரப் புல்வெளி, இன்று நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குக்கூட மிச்சமில்லை.

காகிதத்தில் இருக்கும் பாட்டி

ஐந்தாண்டு முடிந்து பட்டா கேட்கும்போது, உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் கேள்விகள் இருக்கும். வீடு எத்தனை அடி? எத்தனை ஏக்கர் உழுதீர்கள்? என்ன பயிர், எத்தனை போகம்? கிணறு உண்டா? வேலி உண்டா? ஊரை விட்டு எத்தனை நாள் போனீர்கள், ஏன் போனீர்கள்? பதில்களும் கையெழுத்தும் கையெழுத்துத் தெரியாதவர்கள் போட்ட குறியும் அப்படியே, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பட்டா விவரங்களை அரசின் நில ஆவணத் தளத்தில் பெயரைப் போட்டே தேடலாம்.

தன் பெயரில் நிலம் எடுத்த கொள்ளுப்பாட்டியின் வாரிசுகளுக்கு இது பெரிய புதையல். பாட்டி பிரசவத்துக்காக இரண்டு மாதம் ஊர் போனது, ஒரு ஆண்டு கூலிக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது, 14 ஏக்கரில் ஆளி போட்டு ஒன்றுமே விளையாமல் போனது போன்ற செய்திகளெல்லாம் இந்த மாதிரிப் படிவங்களில்தான் கிடைக்கின்றன. கணவர் பெயரில் நிலம் இருந்த பாட்டிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ‘மனைவியும் ஐந்து குழந்தைகளும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த மனைவியின் பெயர்கூடப் பல படிவங்களில் இருக்காது. ரேச்சல் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்காவிட்டால், மண் விளக்கு ஏற்றிய அந்தப் பெண்ணை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசகி கேட்டது அமெரிக்கப் பாட்டிகளைப் பற்றி. வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். எந்த வயலுக்கு என்ன பெயர், கிணறு வெட்டியபோது எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எந்தச் சோளம், எந்தக் கம்பு, விதையை எந்தப் பானையில் எதைப் போட்டு மூடி வைத்தார், எந்த ஆண்டு மழை பொய்த்தது, அப்போது எதைச் சாப்பிட்டார்கள், மாட்டை விற்ற பணம் யார் கையில் இருந்தது என்றெல்லாம் கேட்டு எழுதி வைக்கலாம். சிட்டாவில் பாட்டி பெயர் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.